எண்பத்தெட்டாம் நம்பருக்கு மூன்றாவது வழியனுப்பு

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட இரண்டு ஜெர்சிகள் தொங்குகின்றன. இரண்டும் ஒரே நிறம், ஒரே நம்பர், ஒரே ஆள். எண்பத்தெட்டு. டோபின் ஹாஸ்கெட். என் தம்பி. ஆட்டம், கல்லூரி ஃபுட்பால்: காலால் உதைக்கிறது இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் பிடித்து, ஆளை இடித்துக்கொண்டு ஓடுகிறது.

கல்லூரியை விட்டுப் போகிற ஆட்டக்காரனை, சீசனில் சொந்த மைதானத்தின் கடைசி சனிக்கிழமையன்று, பெற்றவர்களோடு புல்வெளி நடுவுக்கு நடக்கவிடுவார்கள். ஒலிபெருக்கியில் அவன் பெயரை நீட்டி முழக்குவார்கள். கோச் கட்டிப்பிடிப்பார். சட்டம் போட்ட ஜெர்சியைக் கையில் கொடுப்பார்கள். அம்மாக்காரி அழுவாள். ஒருத்தனுக்கு ஒரு தடவைதான் இந்தச் சடங்கு. என் தம்பிக்கு இரண்டு தடவை செய்துவிட்டார்கள். இரண்டு தடவையும் அவன் போகவில்லை.

மூன்றாவது தடவை, இந்த நவம்பரில் என்று முடிவானது. அம்மா சுத்தியலும் கையுமாகச் சோபா மேல் ஏறி நின்றாள்.

"இங்க அடிச்சா மூணும் ஒரே வரிசையா வரும், இல்ல மார்னி?"

"கொஞ்சம் தள்ளி அடிம்மா. நாலாவதுக்கு இடம் வேணும்."

"உன் வாய்க்கு ஒரு ஆணி அடிக்கணும்டி."

சும்மா சொல்லவில்லை நான். கணக்கு அப்படி. முதல் வருஷம் அவனுக்கு இடது முழங்கால் போனது. இரண்டாம் வருஷம் அதே முழங்கால். முதல் தடவை முழுசாகக் கிழியாமல் விட்டுவிட்டோமோ என்று அதற்கே சந்தேகம் வந்திருக்கும். மூன்றாம் வருஷம் ஏழு ஆட்டம் ஒழுங்காக ஆடினான். அந்த ஏழு ஆட்டத்தை வைத்துக்கொண்டுதான் ஹாலர்டன் ஊர் இன்றுவரை பிழைப்பு நடத்துகிறது. எதிரணியில் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டிருக்க, அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான் அல்லவா, அதை முடிவெட்டுகிறவர் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார், கையில் கத்தரியோடு. நாலாம் வருஷம் காறை எலும்பு. ஐந்தாம் வருஷம் மறுபடி இடது முழங்கால், பழகின இடம். ஆறாம் வருஷம், அதாவது இந்த வருஷம், இரண்டாவது ஆட்டத்திலேயே வலது பாதம். அதுவரை யாருமே கண்டுகொள்ளாத உறுப்பு. அதற்கும் ஆசை இருக்காதா?

ஒவ்வொரு தடவையும் தள்ளுவண்டியில் படுத்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். "நான் நல்லாத்தான் இருக்கேன்." மயக்க மருந்து இறங்கியதும் முதல் வார்த்தை அதுதான். பிசியோவிடம் அதுதான். அணி டாக்டரிடமும் அதுதான். "வலிக்குது" என்று சொன்ன ஆட்டக்காரன் பெயரை அடுத்த வாரப் பட்டியலில் தேடவேண்டியிருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வாய்ப்பாட்டை அவன் மறந்துவிட்டான். இதை மறக்கவில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள், கூரை ஒழுகியபோது தார் பூசப் போன மாமா. இரண்டாவது ஆள் நான். அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அப்பா நெடுந்தூர லாரி. வருஷத்தில் பாதி நாள் அவர் குரல் மட்டும்தான் வீட்டில் இருக்கும். இதே கல்லூரியில் நான் பட்டம் வாங்கிய நாளும் தம்பியின் முழங்காலுக்கு இரண்டாவது ஆபரேஷன் நாளும் ஒன்றாக அமைந்தது. மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது கைதட்டியவர், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெரியப்பா. பாவம், நல்ல மனுஷன். இரண்டு விசில்கூட அடித்தார். அந்தச் சான்றிதழ் என் கட்டிலுக்கடியில், பழைய பூட்ஸ் பெட்டியில் இருக்கிறது. டோபினும் நடுவில் எப்போதோ ஒரு பட்டம் வாங்கிவிட்டான். அது தபாலில் வந்தது. உறையை யாரும் பிரிக்கவில்லை.

பட்டம் வாங்கி நான் செய்யும் வேலை, கல்லூரி விளையாட்டுத் துறையில் விதிமுறை அலுவலக உதவியாளர். யார் ஆடலாம், எத்தனை வருஷம் ஆடலாம், யார் வாங்கிக்கொடுத்த சாண்ட்விச்சைச் சாப்பிடலாம் என்று கல்லூரி ஆட்டங்களை நடத்துகிற சங்கம் போட்டுவைத்திருக்கும் விதிகளைப் படிக்கிற வேலை. என் மேலாளர் ஃபென்விக். பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். எதையும் படிக்காமலே இருந்தால்தான் அவ்வளவு நாள் இருக்கமுடியும்.

விதி சின்னது. ஒருத்தனுக்கு ஆட நாலு வருஷம். காயத்தால் சீசனை இழந்தவன் அந்த வருஷத்தைத் திருப்பிக் கேட்கலாம். காயம் சீசனின் முதல் பாதியில் பட்டிருக்கவேண்டும். அதற்கப்புறம் அந்த சீசனில் ஒரே ஒரு ஸ்னாப்கூட ஆடியிருக்கக் கூடாது. நடுவில் குனிந்து நிற்பவன் பந்தைப் பின்னால் தள்ளியதிலிருந்து விசில் ஊதும் வரைக்கும் ஒரு ஸ்னாப். ஐந்து நொடி, ஆறு நொடி. சங்கத்துக்கு ஆறு நொடியும் ஒன்றுதான், அறுபது நிமிஷமும் ஒன்றுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் பாதம் போனதால் டோபின் எல்லாக் கட்டத்துக்கும் பொருந்தினான். ஏழாவது வருஷம் கேட்டு மனு எழுதியது நான். சீசன் முடிந்த திங்கட்கிழமை அனுப்பவேண்டும். எக்ஸ்ரே, டாக்டர் கடிதம், ஆடியவர் பட்டியல், எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

அவன் மறுபடி ஆடவேண்டும் என்பது என் ஆசையா? இல்லவே இல்லை. இருபத்துநாலு வயசில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறான். எனக்கு விருப்பம் இருந்தால் அவன் ஜெர்சி மூன்றையும் மெத்தை உறையாகத் தைத்திருப்பேன். ஆனால் அவன் ஜூன் மாசம் முழுக்க விடியற்காலையில் எழுந்து, தண்ணீருக்குள் நடந்து, ரப்பர் பட்டையை இழுத்து, சாப்பாட்டை அளந்து தின்று, "அடுத்த வருஷம் பாரு" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்தால் என் வாயே அடைத்துப்போகும். என் வாயே அடைத்துப்போகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை விளம்பரப் பிரிவிலிருந்து எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு: 'டோபினுக்கு ஒரு ஸ்னாப்.'

சனிக்கிழமை ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் டோபினை இறக்குவார்களாம். எதிரணி கோச்சும் ஒப்புக்கொண்டாராம். அவன் மேல் யாரும் கைவைக்க மாட்டார்கள். பந்தை அவனிடம் மெல்லப் போடுவார்கள், அவன் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு உட்காருவான், கூட்டம் எழுந்து நிற்கும், கேமரா அம்மாவைக் காட்டும். வாசலில் பன்னிரண்டாயிரம் துண்டுகள் கொடுக்கப்படும், ஒவ்வொன்றிலும் எண்பத்தெட்டு. கல்யாண வீட்டில்கூட இவ்வளவு ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

அச்சடித்த மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு ஃபென்விக் அறைக்குப் போனேன்.

"இது நடந்தா மனு செத்துது."

"எந்த மனு?"

"நீங்க போன மாசம் கையெழுத்து போட்ட மனு."

"ஓ." மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கோச்சுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். தெரியுமா, தெரியாதா?"

அவர் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். "மார்னி, சந்தோஷமான விஷயத்துல நாம ஏன் தலையிடணும்?"

என் மேஜைக்குத் திரும்பினேன். சரிபார்ப்பதற்கு அடுத்த சீசன் ஜெர்சிப் பட்டியல் வந்து கிடந்தது. எந்த நம்பர் யாருக்கு, என்ன அளவு. வழக்கமாக நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடுகிற தாள். அன்றைக்கு எண்பத்தெட்டைத் தேடினேன். பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. பக்கத்தில் அளவு: மூன்று எக்ஸ்.

டோபினுக்கு ஒரு எக்ஸ். ஆறு வருஷமாக அவன் துணியைத் துவைப்பது நான், எனக்குத் தெரியாதா? ஆக, மூன்று எக்ஸ் உடம்போடு எவனோ ஒருத்தன் எங்கேயோ பெரிய கல்லூரியிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறான். சீசன் முடியாமல் வேறு கல்லூரி ஆளின் பெயரை எழுதினால் விதிமீறல். அதனால் காலி. விதி தெரிந்தவன்தான் அந்த இடத்தைக் காலியாக விடுவான்.

கோச் டில்லார்டைக் கோப்பைகள் வைத்திருக்கும் நடையில் மடக்கினேன். டில்லார்ட் நல்ல உயரம், நல்ல பல், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நல்ல குரல். ஊரில் மேயர் தேர்தலுக்கு நின்றால் எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காது.

"கோச், அந்த ஒரு ஸ்னாப் ஆடினா டோபினுக்கு அடுத்த வருஷம் கிடையாது."

என் தோளில் கைவைத்தார். "கண்ணு, அந்தப் புள்ள எனக்கு மகன் மாதிரி."

"உங்க மகனுக்கு ஜெர்சி என்ன சைஸ், கோச்?"

சிரிப்பு அப்படியே இருந்தது. தோளிலிருந்த கை மட்டும் கீழே இறங்கியது.

"அவன் உடம்ப நீ பாத்தல்ல. இன்னும் ஒரு வருஷம் தாங்குமா? சொல்லு."

"தாங்காது. அத அவன்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா அவன் மனசு உடையும். ஊர் என்னைத் திட்டும். இது அப்படி இல்ல. பேண்டு வாசிச்சு, எல்லாரும் எழுந்து நின்னு, மரியாதையா அனுப்பறோம். இதவிட ஒரு பையனுக்கு என்ன வேணும்?"

"கேட்டா சொல்லுவான்."

"நீ போய் ஃபென்விக்குக்குக் காபி ஏதாவது வேணுமான்னு கேளு, கண்ணு."

கேட்டேன். பால் வேண்டாம் என்றார்.

காயம்பட்டவன் என்பதால் டோபின் வெள்ளிக்கிழமை அணியோடு விடுதியில் தங்கத் தேவையில்லை. வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அம்மா ரொட்டிக்குள் இறைச்சி வைத்த பெப்பரோனி ரோல் சுட்டிருந்தாள். நாளைக்குக் கேமராவில் வரப்போகிற புது நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டே அடுப்படியில் நின்றாள். மேலே மாவு படாமலிருக்க முழங்கையை இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டு, பறக்கப்போகிற வாத்து மாதிரி.

நான் ஜெர்சித் தாளையும் விதியையும் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆறு நொடிடி," என்றான் டோபின், வாயில் ரொட்டியோடு. "எதிர்ல நிக்கறவன் என்னைத் தொடக்கூட மாட்டான். இத யாரு கணக்குல எடுத்துப்பா?"

"மேல கண்ணாடி ரூம்ல ஒருத்தன் உக்காந்து யாரு எறங்கினான்னு தட்டிக்கிட்டே இருப்பான். உன் நம்பர தட்டினான்னா முடிஞ்சுது. அழுதுக்கிட்டே தட்டுவான், ஆனா தட்டுவான்."

"டில்லார்ட் அப்படி ஆள் இல்ல. ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ வந்தாரு."

"போட்டோகிராபர் எத்தன தடவ வந்தான்?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். யோசித்தான். மூன்று தடவைதான்.

அம்மா திரும்பினாள். "மார்னி, போதும். ஊரே அவனுக்காக நிக்கப்போவுது. உனக்கு ஏன் வயிறு எரியுது?"

"எனக்கு எப்பவுமே எரியும்மா, அது வேற விஷயம். இந்தத் தாள்ல என் வயிறு எழுதல."

"அப்படியே அந்த வருஷம் போனாத்தான் என்ன?" என்றாள் அம்மா. அவனைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்து. "போதும்னு எனக்கும் தோணுதுடா. எத்தன ஆஸ்பத்திரி. நல்லபடியா முடிச்சுக்கோயேன்."

டோபின் தாளைக் கையில் எடுத்தான். மூன்று எக்ஸ் என்ற இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான், அழிந்துவிடுமா என்று பார்க்கிற மாதிரி.

"நான் முடிச்சா நான் முடிக்கறேன்," என்றான். "முடிச்சு வெக்க டில்லார்ட் யாரு?"

அப்புறம் இன்னும் நாலு ரோல் தின்றான். அளந்து தின்னவில்லை.

சனிக்கிழமை வெயிலும் குளிருமாக இருந்தது. அலுவலக அட்டை கழுத்தில் இருந்ததால் நான் மைதான எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே, அணி பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். ஆட்டத்துக்கு முன்னால் வழியனுப்பு. அம்மாவும் டோபினும் நடுவுக்கு நடந்தார்கள். அப்பா நெப்ராஸ்கா பக்கம் எங்கோ ரேடியோவில் கேட்டுக்கொண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "கடைசி முறையாக, நம்பர் எண்பத்தெட்டு!" என்று ஒலிபெருக்கி சொன்னதும் மேலே எவனோ "போன வருஷமும் இதத்தான்யா சொன்ன!" என்று கத்தினான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. டோபினும் சிரித்தான். டில்லார்ட் கட்டிப்பிடித்தார். மூன்றாவது சட்டம் வந்து சேர்ந்தது. இதுவரை விதிமீறல் இல்லை. புல்வெளியில் நடந்துபோவதை யாரும் எண்ணுவதில்லை.

நாலாவது கால் பகுதி. நாங்கள் இருபத்தொரு புள்ளி முன்னால். கடிகாரத்தில் இரண்டு நிமிஷம். பந்து எங்கள் கையில். பன்னிரண்டாயிரம் துண்டுகள் தலைக்கு மேல் சுழல ஆரம்பித்தன. "எண்பத்தெட்டு! எண்பத்தெட்டு!" பேண்டு மெதுவான ஒரு பாட்டை எடுத்தது, சவ ஊர்வலத்துக்கும் பொருந்தும்.

டில்லார்ட் திரும்பி, பெஞ்சைப் பார்த்து, கையை நீட்டிக் கூப்பிட்டார். கேமராக்காரன் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

டோபின் ஹெல்மெட் மாட்டியிருந்தான். கையுறை போட்டிருந்தான். கை இரண்டும் தொடை மேல். எழுந்திருக்கவில்லை.

"வா மகனே," என்றார் டில்லார்ட்.

அவன் அசையவில்லை. பக்கத்திலிருந்தவன் தோளால் இடித்தான். "டேய், உன்னத்தான்."

முதலில் கூச்சம் என்று நினைத்தார்கள். கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது. எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு ஒருதரம் முன்னால் சாய்ந்தது. எழுந்திருக்கப்போகிறான் என்று நினைத்தேன். பதினெட்டு வயசிலிருந்து அந்தச் சத்தத்துக்காக மட்டுமே எலும்பு எலும்பாக உடைத்துக்கொண்டவன். அது கூப்பிடுகிறது. நான் என்ன, ஒரு தாளை நீட்டினவள். கூட நின்ற பயிற்சியாளர் ஒருவர் என்னைப் பார்த்து, "அழறியாம்மா?" என்று கேட்டார். "இல்ல, பல்லக் கடிக்கிறேன்," என்றேன்.

சாய்ந்த முதுகு மறுபடி பின்னால் போனது.

"கோச்," என்றான் டோபின். "கால் வலிக்குது."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி. ஒருத்தன், "என்னது?" என்றான்.

"வலிக்குது," என்றான் இன்னும் சத்தமாக. "பாதம். நடக்க முடியல."

டில்லார்ட் குனிந்தார். சிரிப்பு கேமராவுக்கு, பேச்சு அவனுக்கு. "ஆறு நொடிப்பா. சும்மா நின்னா போதும்."

"நிக்கவும் வலிக்குது, கோச்."

வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவனை டாக்டர் பார்க்காமல் இறக்கக் கூடாது. இதுவும் விதிதான். யாரும் பயன்படுத்தாததால் புதுசு போலப் பளபளவென்று கிடக்கிற விதி. அணி டாக்டர் ஹோல்ப்ரூக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆறு வருஷமாக டோபின் வாயில் வேறு வார்த்தை கேட்டிராத மனுஷன். மண்டி போட்டு ஷூவைக் கழற்றினார், காலுறையை உருவினார்.

கடிகாரத்தில் ஒரு நிமிஷம் நாற்பது நொடி மிச்சம். டில்லார்ட் இடைநிறுத்தம் கேட்டார். இருபத்தொரு புள்ளி முன்னால் இருக்கிறவன் இடைநிறுத்தம் கேட்டதை எதிரணி கோச் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"எங்க வலிக்குது?" என்றார் டாக்டர்.

"எல்லா இடத்துலயும்."

"இங்க அமுக்கினா?"

"வலிக்குது."

"இங்க?"

"அங்கயும்."

மறுபடி ஒரு இடைநிறுத்தம். பேண்டு பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தது. துண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கை வலிக்காதா. யாரோ ஊளையிட்டார்கள். ஒரு அணிக்கு மூன்று இடைநிறுத்தம்தான்; மூன்றாவதும் தீர்ந்தது. டில்லார்ட் டாக்டரின் காதருகே போய், "சும்மா ஒரு சடங்குதானே டாக்டர், விடுங்க," என்றார்.

டாக்டர் டோபினின் வெறும் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "வலிக்குதுன்னு சொன்னவன நான் அனுப்ப முடியாது, கோச். நாளைக்கு எனக்கு லைசென்ஸ் வேணும்."

கடிகாரம் ஓடி முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம். பன்னிரண்டாயிரம் பேர் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கருமாதிச் சாப்பாட்டில் உப்புப் போதாதவர்கள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

அம்மா இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. நீலக் கோட்டைப் பெட்டியில் திருப்பி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாரும் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்கு வரவில்லையாம். அப்பா மட்டும் போனில் கேட்டார்: "ரேடியோக்காரன் திடீர்னு பேச்ச நிறுத்திட்டான். என்னடா ஆச்சு?" டோபின் சொன்னான். அந்தப் பக்கம் லாரி ஹார்ன் இரண்டு தரம் நீளமாக ஒலித்தது. அப்புறம், "நல்லா வலிக்கட்டும்," என்றார் அப்பா, ரொம்பச் சந்தோஷமாக.

திங்கட்கிழமை ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிய படம். டாக்டர் மடியில் வெறும் பாதம், பக்கத்தில் கைபிசைந்து நிற்கும் டில்லார்ட். தலைப்பு: 'ஊர் எழுந்தது, ஹாஸ்கெட் எழவில்லை.' திட்டுவதாக நினைத்துத்தான் எழுதியிருந்தார்கள். இதைவிட நல்ல சாட்சி வக்கீல் வைத்தாலும் கிடைக்காது. கத்தரித்து மனுவோடு சேர்த்தேன். டாக்டர் கடிதம் சேர்த்தேன். சனிக்கிழமை ஆடியவர் பட்டியல் சேர்த்தேன், எண்பத்தெட்டு இல்லாத பட்டியல். புதுத் தாள்களுக்கும் ஃபென்விக் கையெழுத்துப் போட்டார். டாக்டரே எழுதிக்கொடுத்த பிறகு போடாமலிருக்க அவருக்கு ஒரு காரணம் தேடவேண்டியிருக்கும். தேடுவது அவருக்குப் பழக்கமில்லை.

டோபின் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான், வலது காலை நீட்டிக்கொண்டு.

"நல்லா நடிச்சடா," என்றேன்.

அவன் குனிந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"நடிப்புதானே?"

"முதல் வருஷத்துலேருந்து வலிக்குது மார்னி. சனிக்கிழமைதான் சொன்னேன்."

அனுப்பு பொத்தான் மேலிருந்த என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஆறு வருஷமாக இவன் துணியைத் துவைத்திருக்கிறேன், இவனுக்காக மனு எழுதியிருக்கிறேன். வலிக்கிறதா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கட்டைவிரலைப் பார்த்தேன், நம்பினேன். டில்லார்டை மட்டும் மடக்கிக் கேள்வி கேட்டேன், பெரிய இவள் மாதிரி.

"அப்ப இத நான் அனுப்பமாட்டேன்," என்றேன்.

"ஏன்?"

"ஏனா? நடக்கவே வலிக்கறவன எவனாவது இடிக்க விடுவானா?"

"ஓஹோ." நாற்காலியில் சாய்ந்தான். "எனக்கு எது நல்லதுன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. துண்டு ஏதாவது அச்சடிச்சிருக்கியா? பேண்டு எப்ப வருது?"

சுருக்கென்றது.

"கழுத!" என்றேன். பதில் இல்லாதபோது அதுதான் பதில்.

"அனுப்புடி. வந்தா வெச்சுப்பேன். ஆடறதும் ஆடாததும் நான் பாத்துக்கறேன்."

பொத்தானை அழுத்தினேன். கொஞ்சம் பலமாகவே அழுத்திவிட்டேன்.

ஜனவரியில் சங்கத்திலிருந்து பதில் வந்தது. ஒரே வரி. ஒரு ஆண்டு வழங்கப்பட்டது. அதே வாரம் மூன்று எக்ஸ்காரனும் வந்து சேர்ந்தான். பெயர் எழுதிய எண்பத்தெட்டைப் போட்டுக்கொண்டு டில்லார்டோடு படத்துக்கு நின்றான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். முழங்கால் இரண்டும் நேராக இருந்தன. டில்லார்ட் டோபினுக்கு எல்லா வாழ்த்தும் சொல்லி ஊர்ப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். இடமில்லை என்று நேரில் சொல்ல மட்டும் நேரம் கிடைக்கவில்லை போல.

ஆண்டு டோபினுடையது, கல்லூரியுடையது இல்லை. எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆறு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னக் கல்லூரி, மார்ச்சில் வந்து ஓடிக்காட்டச் சொன்னது. அங்கே எண்பத்தெட்டில் வேறு ஆள் இருக்கிறான். நாற்பத்தொன்று தருகிறார்களாம்.

அவன் அங்கே கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, அம்மா மறுபடி சுத்தியலோடு சோபா மேல் ஏறினாள். மூன்றாவது சட்டத்தை மாட்டினாள். பக்கத்தில் ஒரு சட்டத்தின் அகலத்துக்கு வெற்றுச் சுவர் விட்டிருந்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நாலாவது வர்ற வரைக்கும் இந்த எடம் மொட்டையா இருக்குல்ல?"

"ஆமா."

"உன் சர்டிபிகேட்ட வேணா மாட்டி வெக்கவா? தற்காலிகமாத்தான்."

நாலு வருஷம் கழித்து என் பட்டத்துக்குச் சுவர் கிடைத்திருக்கிறது, வாடகைக்கு. சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. போய்ப் பூட்ஸ் பெட்டியை எடுத்துவந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே, பனி உருகிச் சேறாகக் கிடந்த புல்லில் டோபின் ஓடிக்கொண்டிருந்தான். வேலி வரை போய்த் திரும்ப வீடு வரை. திரும்பும்போதெல்லாம் வலது காலைக் கொஞ்சம் தூக்கிப் போட்டான். அம்மா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலைத் தூக்கினாள்.

"டோபின்! வலிக்குதாடா?"

"வலிக்குதும்மா!" என்று கத்திவிட்டு, வேலியைப் பார்த்துத் திரும்பி ஓடினான்.